கறுத்த கடலை

மங்கைக்கு நாற்பத்தாறு வயது. பெற்ற மகளைத் தவிர தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு உயிரை அவள் வளர்த்ததில்லை. களை எடுத்தது அடுத்தவர் நிலத்தில், பெருக்கித் துடைத்தது அடுத்தவர் வீட்டில். சிங்கவரத்திலிருந்து பஸ் பிடித்துச் செஞ்சிக்குப் போய், கடைவீதியில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் சொக்கலிங்கத்தின் வீட்டில் பதினோரு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறாள். அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அதற்காகத்தான் இருபத்தைந்து நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கினாள்.

சென்னையில் நர்ஸாக இருக்கும் மகள் பாரதி போனிலேயே எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மங்கை அட்டைப்பெட்டியில் பழைய பேப்பரை விரித்து, மேலே குண்டு பல்பு தொங்கவிட்டு, குருணையைப் பொடித்துப் போட்டாள். கரண்ட் போனால் பெட்டியைப் புடவையால் மூடி மடியில் வைத்துக்கொள்வாள். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்தாளோ என்னவோ. ஐந்து வாரம் ஆகியும் ஒன்றுகூடச் சாகவில்லை.

"இன்னும் அஞ்சாறு மாசத்துல முட்டை வச்சிடும்மா. அப்பறம் அந்த வூட்டுப் பக்கமே போவாத," என்றாள் பாரதி.

மங்கைக்கு வாய் சும்மா இருக்குமா? சொக்கலிங்கத்தின் மனைவி நீலாவதியிடம் குஞ்சுக் கதையைச் சொல்லிவிட்டாள். அன்றே மண்டியிலிருந்து கால் மூட்டை கடலை வந்து இறங்கியது. மழையில் நனைந்து, கறுத்து, பூசணம் பிடித்த பருப்பு.

"இந்தா, உன் கோழிக்குப் போடு. கொழுகொழுன்னு வரும்," என்றாள் நீலாவதி.

மங்கை மோந்து பார்த்தாள். கெட்ட வாடை அடித்தது. ஆனால் மிஞ்சின குழம்பு, கிழிந்த புடவை என்று கொடுத்ததை வாங்கியே பழகின கை அது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? இடித்துக் குருணையோடு கலந்து போட்டாள். குஞ்சுகள் ஓடிவந்து கொத்தின.

பத்தாம் நாள் நான்கு குஞ்சுகள் இறக்கை தொங்கி மூலையில் ஒடுங்கின. அப்புறம் தினமும் சாவுதான். தெம்பில்லாமல் கிடக்கின்றனவே என்று கடலையை இன்னும் ஒரு பிடி கூட்டிப் போட்டாளே, அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல. கடைசியில் செத்த குஞ்சைப் பையில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் அறுத்து ஈரலைக் காட்டினார்.

"என்னம்மா போட்ட? பூசணம் புடிச்ச கடலையா? அது விஷம்மா."

வீட்டுக்கு வந்தபோது மிச்சமிருந்த மூன்றும் விறைத்துக் கிடந்தன. மங்கை அழவில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் நேராக நீலாவதி முன் நின்றாள்.

"அம்மா, நீங்க குடுத்த கடலையில எல்லாக் குஞ்சும் செத்துப்போச்சுது."

நீலாவதி டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படியா? எங்க மாட்டுக்குப் போடாதன்னு அவரு அப்பவே சொன்னாரு. குப்பையில கொட்டறதுக்கு உனக்காவது ஆவட்டுமேன்னு குடுத்தேன்."

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"கோழிதானேடி, வேற வாங்கிக்கோ. நேத்து ராத்திரி பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குது பாரு."

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது மங்கைக்கு. துப்பிவிட்டு எங்கே போவது? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். கை எரிய எரியத் தேய்த்தாள்.

அன்றைக்குப் பாத்திரமெல்லாம் பளிச்சென்று இருப்பதாக நீலாவதியே வாய்விட்டுச் சொன்னாள்.