பூ வைக்காத சித்தி

சித்தியை முதலில் சந்தேகப்பட்டது பெரியம்மா. அந்தச் சந்தேகத்துக்குச் சோறு போட்டு வளர்த்தது நான்.

அப்போது நாங்கள் வடக்குப்பட்டில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. அவர் கட்டிக்கொண்டு வந்த புதுப்பெண்தான் சித்தி. தாம்பரம் பக்கம் ஏதோ லேபில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று மட்டும் சொன்னார்கள். எங்களுக்கு லேப் என்றால் ரத்தம் எடுக்கிற இடம், அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. லாரிப் புழுதிக்குத் தப்பிய மல்லித் தொட்டிகளைத்தான் அவள் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் தொடுத்து ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் ஆளுக்கு ஒரு முழம் தருவாள். சித்தி மட்டும் வாங்க மாட்டாள். “வேலைல ஆகாதுக்கா, வந்து வெச்சுக்கறேன்” என்பாள். பூ இல்லை, பவுடர் இல்லை, மொட்டையாக ஷேர் ஆட்டோ ஏறிச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள்.

“புருசன் குத்துக்கல்லாட்டம் கீறான். இவளுக்குப் பூவு ஆகாதாம். இன்னா அர்த்தம்?” என்று பெரியம்மா பொருமுவாள். மதம் மாறியிருப்பாளோ என்று அம்மா கிசுகிசுத்தாள். கல்யாணமே ஆகவில்லை என்று அங்கே புளுகி வைத்திருக்கிறாள் என்பது என் கட்சி.

பள்ளி விடுமுறையில் பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். “நீ கூடப் போயி இன்னா ஏதுன்னு பாத்துகினு வா.”

அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். சித்தி என்னை வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கண்ணாடிக் கதவுக்குள் போய் மறைந்தாள். சுற்றிலும் ஜோடி ஜோடியாக ஆட்கள். பக்கத்திலிருந்த அக்கா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. திரும்பும்போது சித்தி பிஸ்கட் வாங்கித் தந்து, “பாத்ததைப் பெரியம்மாகிட்ட சொல்லாதடா கண்ணு, மனசு கஷ்டப்படுவாங்க” என்றாள். எவ்வளவு பெரிய கள்ளி! பிஸ்கட்டைத் தின்றேன். வீட்டுக்கு வந்த கையோடு சொல்லியும் விட்டேன்.

“செவுரு பூரா கொயந்தைங்க படம் பெரிம்மா. ஆனா வந்தவங்க யாரு கைலயும் கொயந்தையே இல்ல.”

சபாஷ் கிடைக்கும் என்று நின்றேன். தொடுத்துக்கொண்டிருந்த நார் பெரியம்மா மடியில் அப்படியே கிடந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குச் சமையலறைக் கதவருகே நின்று ஒட்டுக்கேட்டேன். “கண்ணாடித் தட்டுல கருவை வளக்கறோங்க்கா. வாசனை பட்டாலே அதுக்கு ஆகாது. பூ, பவுடர் எதுவும் உள்ள வரக்கூடாது. உங்க முன்னாடி இதை எப்படிச் சொல்றதுன்னுதான்...” என்று சித்தி திணறினாள். பெரியம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது. தட்டில் வளருமாம், மல்லி வாசனை ஆகாதாம். சாமிக்கே ஆகிற பூ இவளுக்கு மட்டும் ஆகாதாமா? பெரியம்மா இப்படி ஏமாளியாக இருக்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது.

அதன்பிறகு வேவு பார்க்க என்னை யாரும் அனுப்பவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் அடிக்கடி “கோயிலுக்கு” என்று கிளம்பினார்கள். பிரசாதம்தான் வீட்டுக்கு வந்தபாடில்லை.

பிறகு ஒருநாள் காலையில் பெரியம்மாவே வெறுந்தலையாக வந்து நின்றாள். பூ இல்லை, பவுடர் இல்லை, மஞ்சள்கூடப் பூசவில்லை. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். விசாரிப்பாள் என்று பார்த்தால், அவள் சாமி படத்துக்கு விளக்கேற்றப் போய்விட்டாள். இவளும் கூட்டு!

இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தொட்டி மல்லியைப் பறித்து, கோணலும் மாணலுமாகத் தொடுத்து வைத்தேன். சாயங்காலம் திரும்பிவந்து படுத்திருந்த பெரியம்மாவிடம் நீட்டினேன். வைத்துக்கொள்கிறாளா பார்ப்போம்!

அவள் சித்தியைப் பார்த்தாள்.

“இப்ப வெச்சுக்கலாங்க்கா” என்றாள் சித்தி.

பெரியம்மா தலையைத் திருப்பிக் கொடுத்தாள். நான் பூவைச் சொருகச் சொருக அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. ஒருவழியாகக் குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதனால்தான் அழுகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வயிற்றின்மேல் வைத்த கையை மட்டும் அவள் எடுக்கவே இல்லை. வயிற்றுவலி என்று நடிக்கிறாள். எனக்கு நன்றாகத் தெரியும்.