தண்ணீர் நிற்காத சுவர்

எண்பதுகளில் அரூரில் நான் தையல்கடை போட்டபோது, கடைப்பெயர் எழுத வந்தவர் ஒரு பெயிண்டர் பாய். கட்டையான ஆள்; காதில் செருகிய பிரஷ், புருவத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கலர். எந்தச் சுவரானாலும் முதலில் ஒரு கை தண்ணீர் அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

என் சுவரிலும் அடித்தார். கொத்தனார் சிமெண்ட் பால் பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்த சுவர் அது. தெருவில் போகிறவர்கள் நின்று தலை சீவிக்கொண்டு போவார்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே இறங்கிவிட்டது.

"தண்ணியே நிக்கலீங்க டைலர், கலர் எப்படி நிக்கும்?" என்றவர், செங்கல் துண்டை எடுத்துப் பரபரவென்று சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயோ பாய், நாளைக்குக் கடை தொறக்கறேங்க!" என்று கையைப் பிடித்தேன்.

"வுடுங்க. அழகு வேணுமா, பேரு வேணுமா?"

விட்டேன். தேய்த்து முடித்து மறுபடி தண்ணீர் அடித்தார். இந்தத் தடவை அது உருளவில்லை. சொரசொரப்புக்குள் புகுந்து, அகலமாகப் பரவி ஒட்டிக்கொண்டது. சுவர் காய்ந்ததும் நீல டிஸ்டெம்பரில் பெரிதாக எழுதினார்.

மறுநாள் கடை திறக்கிற நேரத்தில் கொட்டியது மழை. எதிர்க்கடையின் வழவழப்பான சுவரில் வேறொருவர் எழுதியிருந்த பெயர் சாக்கடையில் சிவப்பாக ஓடியது. டீக்கடையிலிருந்து பாய் நனைந்துகொண்டே ஓடி வந்தார். என் சுவரில் ஓரெழுத்துகூடக் கரையவில்லை.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. நடுத்தெருவில், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து, "எப்புடி?" என்று கேட்டார்.