முந்தின நாளே தெரியும்

ஆறு வருஷத்துக்குள் எனக்கு மூன்று வேலை போனது. முதலில் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் இருந்தேன். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளியையே மூடிவிட்டார்கள். அடுத்து ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டேன். ஊரடங்கில் அடைத்த கடை மறுபடி திறந்தபோது பாதிப் பேரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். மூன்றாவது, ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலை. டாக்டர் இடத்தை விற்றார். வாங்கியவர் தன் ஆட்களோடு வந்தார்.

மூன்று இடத்திலும் நான் தப்பு எதுவும் செய்யவில்லை. அதுதான் பயத்தைக் கொடுத்தது. தப்பு செய்து போயிருந்தால் அடுத்த இடத்தில் திருத்திக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறவர். மழை பிடித்தால் வீட்டில்தான் இருப்பார். எட்டாவது படிக்கிற மகள். நான் பகலில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், துவைத்த துணியையே எடுத்துத் திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் என்னைவிட நாலைந்து வயது இளையவள் ஒருத்தி குடியிருந்தாள். பலகாரக் கம்பெனி ஒன்றில் முறுக்கும் சீடையும் பாக்கெட் போடுகிறவள். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, எங்க ஆபீசுக்கு ஆள் எடுக்கப் போறாகளாம். இப்பத்தான் காதுல விழுந்துச்சு. வெளிய தெரியுறதுக்குள்ள வந்துருங்க. நாளைக்குக் காலைல என்கூட வாரீகளா?"

போனேன். முதலாளியிடம் அவளே சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்சவுக, நல்லாப் பாப்பாக." வேலை கிடைத்தது. ஆர்டர் எழுதுவது, கூரியருக்குப் பேசுவது, பெண்களின் வருகைப் பதிவைப் பார்ப்பது.

அந்த வேலையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காய்ச்சலோடு போனேன். மகள் பெரியவளான அன்றுகூட அரை நாள்தான் வீட்டில் இருந்தேன். மூன்று வருஷம் ஓடியது. ஆனாலும் முதலாளி அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன். மத்தியானம் நானும் அவளும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அந்த அரைமணி நேரம் மட்டும் எனக்குப் பயம் இருக்காது.

பிறகு பாக்கெட் போடும் மெஷின் வந்தது. வந்த பத்தாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்.

"அஞ்சு பேர நிப்பாட்டணும்மா. நாளைக்கு மூணு மணிக்கு ஒவ்வொருத்தரா உள்ள அனுப்புங்க. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா வேலை ஓடாது."

என் பேர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. மூச்சு விட்ட பிறகுதான் பேர்களைப் படித்தேன். மூன்றாவது அவளுடையது.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். நான் சொல்லவில்லை. காலையில் ஒரே பஸ்ஸில் போனோம். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தாளில் என் பேர் இருக்கும் என்று நினைத்தேன்.

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்திருந்தாள். எனக்கும் போட்டாள். சாப்பிடும்போது அவளுக்குப் போன் வந்தது. இடது கையால் காதில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"ஹாஸ்டல் சமையலுக்கா? நல்ல இடந்தான் மதினி. ஆனா எனக்கு இங்கயே நிலையா ஓடுதே. வேற ஆள் இருந்தாச் சொல்லிவிடுங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னைக்கே பதில் சொல்லணுமாம்க்கா. அம்புட்டு அவசரமாம்."

என் வாயில் சோறு இருந்தது. மென்றுகொண்டே இருந்தேன். மணி ஒன்றே முக்கால். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது, ஒரு வார்த்தை சொல்ல. நான் எழுந்து கை கழுவப் போனேன்.

மூன்று மணிக்குப் பாக்கெட் போடும் கூடத்துக்குப் போய் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டேன். அவள் முறை வந்தபோது, "முதலாளி கூப்பிடுறாக" என்றேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

வெளியே வந்தவள் கேட்டுக்குப் பக்கத்தில் எனக்காக நின்றாள். "உங்களுக்கு முன்னாலேயே தெரியுமாக்கா?"

"தெரியாது" என்றேன்.

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு நாட்டரசன்கோட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இருந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அங்கே போன் அடித்தால் இன்றைக்கும் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். அதற்குப் பிறகு கத்தரிக்காயை நான் வாங்கவில்லை. வீட்டில் காரணம் கேட்டார்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கம்பெனியில் என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்து பீரோவில் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, மகளின் கல்லூரி உதவித்தொகை விஷயமாகச் சிவகங்கைக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அவள் நின்றாள். இளைத்திருந்தாள். நானாகத்தான் பக்கத்தில் போனேன்.

"நல்லா இருக்கீகளாக்கா? இன்னும் அங்குட்டுத்தானா?" என்றாள்.

"அங்கதான். நீ?"

"ஏழெட்டு மாசம் சும்மா இருந்தேன். இப்ப பாத்திரக் கடைல நிக்கிறேன்."

"அந்த ஹாஸ்டல்?"

"அன்னைக்குச் சாயங்காலமே கூப்பிட்டுக் கேட்டேன். நான் வேணாம்னதும் மதினி வேற ஆளச் சொல்லிட்டாகளாம்."

அப்போதுதான் சொன்னேன். "எனக்கு முந்தின நாளே தெரியும்."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த பையை மறுகைக்கு மாற்றினாள்.

"தெரியும்க்கா. எம் முகத்தவே பாக்காமச் சாப்பிட்டீகள்ல, முதலாளி சொன்னதும் புரிஞ்சுருச்சு." பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு, "வாசக் கேட்டுப் பக்கத்துல நின்னு கேட்டப்பயாச்சும் நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்" என்றாள்.

அவள் பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

போன தீபாவளி வியாபாரம் முடிந்ததும் முதலாளி மறுபடியும் ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டு பேர். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று இந்தத் தடவையும் சொன்னார். அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டாள்.

மறுநாள் முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

"சொல்லிட்டீகளாம்மா?"

"ஆமாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு, மதுரை ஆர்டர் போயிற்றா என்று கேட்டார்.

அவ்வளவுதான். வேலை போகவில்லை. என் இடத்துக்குத் திரும்பி வந்து மதுரைக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் எடுத்தவர் இரண்டு முறை ஹலோ சொன்னார். அன்றைக்கு அவளிடம் சொல்லியிருந்தாலும் முதலாளி இதே 'சரி'யைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.