பாப்பா யாரு மாதிரி?

மலேசியாவில் ஜொகூருக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட மலாய்ச் சொல் ‘புக்கா’. திறப்பது, அவிழ்ப்பது என்று பொருள். சோறு கேட்கத் தெரிவதற்கு முன்னால் இது தெரிய வேண்டியதாகிவிட்டது. இங்கே பல தாய்மார்கள் பச்சைக் குழந்தையின் வயிற்றைத் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள்; ‘பாருட்’ என்பார்கள். வயிற்றில் காற்று ஏறாமல் இருக்கவாம். நானோ, குழந்தைக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வந்தவன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு எப்படி மூச்சு விடுகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைக் கருவியில் பதிய வேண்டும். பட்டையை அவிழ்க்காமல் ஒன்றும் நடக்காது.

போன வாரம் தெப்ராவிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண்ணிடம் “புக்கா, புக்கா” என்று சைகை காட்டினேன். அவள் முகம் வெளிறிவிட்டது. “கெனாப்பா, டொக்டர்? சாக்கிட் கா?” என்றாள். ஏன், பிள்ளைக்கு நோயா என்கிறாள். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை அம்மா, அளந்து பார்க்கிற டாக்டர் என்று விளக்க எனக்கு மலாய் ஏது? “திடாக், திடாக்”, இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். அவள் இன்னும் பயந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். மேரி மிஸி வந்து பேசிய பிறகுதான் உட்கார்ந்தாள். தாதிகளை இங்கே தமிழர்கள் மிஸி என்பார்கள். மேரி மிஸி பக்கத்துத் தம்போய்க்காரர். இந்த ஆஸ்பத்திரியில் நான் வாய் நிறையத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். என் மனைவி கவிதாவையும் ஏழாம் மாதம் திருநெல்வேலிக்கு விமானம் ஏற்றிவிட்டேன். “இங்கயே பெத்துக்கலாம் லா, நாங்க பாத்துக்க மாட்டோமா?” என்று மிஸி எவ்வளவோ சொன்னார். பிரசவத்துக்குக் குறித்த நாளைப் பார்த்து நானும் டிக்கெட் போட்டு வைத்திருந்தேன். மகள் அதுவரை பொறுக்கவில்லை. மாதம் நிறையாமல் பிறந்து, ஆக்சிஜன் வைத்து, தேறி, வீட்டுக்கும் வந்துவிட்டாள். நான் இங்கே ஊரார் பிள்ளைகளின் மூச்சை அளந்துகொண்டிருந்தேன். இவர்களை அந்தந்த வயதில் அளக்காவிட்டால் பதிவு பாழ். விடுப்பு தள்ளித் தள்ளிப் போனது. அறைக்குத் திரும்பினால் சுவரும் நானும்தான்.

தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். “சட்டையத் தூக்கு. நெஞ்சுகிட்ட கொண்டு போ. வெளிச்சத்துல காட்டு.” விலாவுக்கு நடுவில் தோல் குழிகிறதா, மூச்சுக்கு வயிறு எக்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் கவிதா பொறுக்காமல், “ஏங்க, ஆஸ்பத்திரியில புள்ளைங்களைப் பாக்குற மாதிரியே இவளையும் பாக்கீங்களே” என்றாள். பயமாக இருக்கிறது, கவிதா. அதைச் சொல்லியிருக்கலாம். “போனை ஆட்டாத” என்றேன்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது மிஸி கேட்டார், “பாப்பா யாரு மாதிரி, டாக்டர்? உங்க மாதிரியா, அவங்க மாதிரியா?”

வீடியோவில் பார்த்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவளுடைய விலா எலும்புகள் எனக்குத் தெரியும். தொப்புள் காய்ந்து விழுந்த இடம் தெரியும். முகம்?

“அலமாக்! சொந்தப் புள்ள மூஞ்சி தெரியலையா?” என்று சிரித்தவர், என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். தன் டப்பாவிலிருந்த மீகோரெங் நூடுல்ஸில் பாதியை என் தட்டில் தள்ளினார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வராந்தாவுக்குப் போய் ஊருக்குக் கூப்பிட்டேன். பழக்கதோஷத்தில் கவிதா போனை நேரே குழந்தையின் நெஞ்சருகே கொண்டுபோய்விட்டாள்.

“மூஞ்சியக் காட்டு, கவிதா.”

படம் மெதுவாக மேலே ஏறியது. கவிதாவின் நெற்றி. என் தடித்த உதடு. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். “பாப்பா, அப்பா” என்றேன். “இங்க பாருடி, அப்பா” என்றேன். கெஞ்சினேன். அவள் விட்டத்தை விடவில்லை. அதுவும் சரிதானே, இந்தக் குரல் அவளிடம் எப்போது பேசியது?

அந்த நேரம் பார்த்து, கூலாயிலிருந்து அளக்க வந்திருந்த குழந்தை உள்ளே என் ஆய்வு அறையில் வீறிட்டது. திருநெல்வேலியில் என் மகள் சட்டென்று தலையைத் திருப்பி, கண்ணை அகல விரித்து, என்னை நேராகப் பார்த்தாள்.

“அங்க ஏதோ புள்ள அழுகுதே” என்றாள் கவிதா. “போங்க, போய்ப் பாருங்க.”