பிழியாத சட்டை

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் கீழ்பென்னாத்தூர் வண்டி கிளம்பக் காத்திருக்கிறது. ஈரத் தலையோடு ஓர் அம்மா ஏறி, என் பக்கத்து ஜன்னலோர இருக்கையில் உட்காருகிறார். கோயிலுக்குப் போய் வந்தவர் என்று நினைக்கிறேன். அவர் மடியிலிருக்கும் பை என் செருப்பின் மேல் சொட்டுகிறது.

"தப்பா நெனைக்காதமா. காலைல ஞானஸ்நானம் எடுத்தேன். பம்புசெட்டு தொட்டில பாஸ்டர் முக்கி எடுத்தாரு."

பையில் வெள்ளைப் புடவையோடு ஆண்கள் சட்டை ஒன்றும் நனைந்து கிடக்கிறது. யாருடையது என்று கேட்கிறேன்.

"வூட்டுக்காரருது. ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கறதாதான் இருந்துச்சு. நெலத்துல மல்லாட்டைச் செடி புடுங்கி முடியட்டும்னு அவருதான் தள்ளிப்போட்டாரு. போன மாசம் நெஞ்சு வலில போயிட்டாரு."

இறந்தவருக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று பாஸ்டர் சொல்லிவிட்டாராம். அதனால் சட்டையை இடுப்பில் சுற்றி, அதன்மேல் புடவை கட்டித் தொட்டியில் இறங்கியிருக்கிறார்.

"பாஸ்டருக்குத் தெரியாது. மேசியான்னா நம்மளைக் காப்பாத்த வந்தவருனு அவருதானே சொன்னாரு. அந்த மேசியாவுக்கா தெரியாது, இது யாரு சட்டைனு?"

பை இன்னும் சொட்டுகிறது. "பிழிஞ்சு வச்சுக்குங்கமா" என்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் புடவையைப் பிழிகிறார். சட்டையைப் பிழியாமல், சொட்டச் சொட்ட மடியில் வைத்துக்கொள்கிறார்.