கரையில் ஆடும் பிள்ளை

எனக்குப் பிடித்த ஜப்பான் பெண்கள் குழுவின் புது சிங்கிள் சிடி இன்று வெளியாகிவிட்டது. பாட்டின் வீடியோவைக் காலையிலேயே நம் ஊர்த் தமிழரின் இந்த இணையப் பக்கத்தில் போட்டேன். வழக்கம்போல ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்து ஃபாரஸ்ட் கேட் ஸ்டாப்பில் பஸ் ஏறி, அதையே மறுபடி போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒரு தமிழ் அன்ரி எட்டிப் பார்த்தார்.

"என்ன பாட்டு பிள்ளை?"

"ஜப்பான் பாட்டு அன்ரி. கேக்கப் போறியளோ?"

ஒரு இயர்போனைக் கொடுத்தேன். மடியிலிருந்த கீரைப் பையைக் காலடியில் வைத்துவிட்டு முழுப் பாட்டையும் பார்த்தார். முடிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கட கலியாண வீடியோக்காரன் எண்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆக்களையும் விடாமல் ஒவ்வொரு முகமாக் காட்டுவான். இவன் அந்தக் கரையில ஆடுற பிள்ளையை ஒருக்காலும் கிட்டக் காட்டேல்லையே! தாய் தகப்பன் பாத்தால் என்ன நினைப்பினம்?"

வரிசையின் ஓரத்தில் ஆடும் அந்தக் கரைப் பிள்ளைதான் எனக்குப் பிடித்தவள். அவளைப் பற்றி இந்த ஊரில் இன்னொருவர் பேசி இன்றுதான் கேட்கிறேன். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"என்ர ஸ்டொப் வந்திட்டுது. வாறன் பிள்ளை."

நான் இறங்கும் குட்மேய்ஸ் வரைக்கும் அந்த இயர்போன் பக்கத்து சீட்டிலேயே கிடந்தது.

கீரைப் பையோடு இறங்கிய அந்த அன்ரி உங்களில் யாருக்காவது அம்மாவோ மாமியோ என்றால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்: சிடியில் இரண்டாவது பாட்டும் இருக்கிறது. அதில் அவளுக்குத் தனியாக ஒரு வரி வருகிறது.