சேருக்கு நாங்கள் போட்ட சத்தம்

கிண்ணியா அணியோடு எங்களுக்கு ஆட்டம் என்று அட்டவணை வந்த அன்றே பிரச்சினை தொடங்கிவிட்டது. ஆட்டத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. சேர் வருவார், அவரை எப்படி வரவேற்பது என்பதுதான் ஒரே கதை.

சேர் என்றால் எங்கள் பழைய கோச். துறைமுகப் பக்கத்துப் பெடியன்களைப் பிடித்து, சப்பாத்து இல்லாதவனுக்குச் சப்பாத்துத் தேடிக் கொடுத்து, எங்கள் கழகத்தை ஒரு உதைபந்தாட்டக் கழகம் என்று மற்றவர்கள் சொல்லுமளவுக்குக் கொண்டுவந்தவர். போன மாரி முடிந்த கையோடு பாலத்துக்கு அங்கால போய்விட்டார். இப்போது கிண்ணியாக்காரருக்கு அவர்தான் கோச். கழகத்தின் முகநூல் பக்கத்தை நடத்துவது நான். அதனால் அந்தப் படம் முதலில் பட்டது என் கண்ணில்தான். புது நிறச் சட்டை, கழுத்தில் பழைய விசில், நடுவில் கொஞ்சம் கூச்சமான சிரிப்பு. அன்று பின்னேரம் முழுக்க, எங்கள் ஆட்கள் எங்கள் பக்கத்தில் வந்து எழுதியவற்றை அழித்து அழித்து என் பெருவிரல் நொந்துபோனது.

அதற்குப் பிறகு அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை. வீடு இன்னும் உப்புவெளியில்தான். ஒவ்வொரு பின்னேரமும் மோட்டார்சைக்கிளில் கிண்ணியாவுக்குப் போகிறவர் எங்கள் தேத்தண்ணிக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் வரும் சத்தம் கேட்டதும் கடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். அவரும் கடலைப் பார்ப்பார். அந்த நேரத்தில் கடலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

எனக்கு இது பொறுக்கவில்லை. வென்றாலும் தோற்றாலும் சரி, அன்றைக்கு அவர் மைதானத்து ஓரக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து எங்களோடு கதைக்கவேண்டும். ஏசினாலும் பரவாயில்லை. உண்மையில் எனக்கு வேண்டியிருந்ததே அந்த ஏச்சுத்தான்.

அதைக் கொஞ்சம் விளங்கப்படுத்தவேண்டும். சேர் இடைவேளையில் ஆட்டக்காரரிடம் போக மாட்டார். நேரே எங்களிடம் வருவார். “அவங்களுக்குத் தண்ணி குடிக்க நேரம் வேணும். உங்களுக்குத்தான் ஆட்டம் விளங்கேல்லை” என்று தொடங்கி, காலால் மண்ணில் கோடு கீறி, ஏன் அந்தப் பந்தைப் பின்னுக்குக் கொடுத்தது சரி, ஏன் நாங்கள் கத்தியது பிழை என்று இடைவேளை முடியும்வரை வாங்கு வாங்கென்று வாங்குவார். ஒருமுறை ஓஃப்சைட் பற்றி நான் அவரோடு மல்லுக்கு நின்று, தொலைபேசியில் சட்டத்தையே எடுத்து நீட்டினேன். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டி எட்டப் பிடித்து முழுவதையும் வாசித்தார். “சட்டம் சரி பிள்ளை. உம்முடைய சத்தம்தான் பிந்திட்டுது” என்றார். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அதை நான் வீட்டில் எல்லோருக்கும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். சட்டம் சரி என்ற பாதியை மட்டும்.

ஆட்டத்துக்கு முந்தின கிழமை கடையில் கூட்டம் கூடியது. கூட்டம் என்றால் என்ன, வழக்கமாக இருக்கிற ஆட்கள் வழக்கமான கதிரைகளில். எங்கள் பக்கத்துச் சத்தத்துக்கெல்லாம் தலைவர் ஓட்டோ அண்ணன். அவருடைய குரல் கோணேசர் மலையில் கேட்கும் என்று சொல்வார்கள். கூ அடிக்கவேண்டும், அதுவும் சேர் வான் வண்டியில் இருந்து இறங்கின நேரம் தொட்டுக் கதிரையில் இருக்கும்வரை கூ அடிக்கவேண்டும் என்றார் அவர். என் அண்ணா சீனன்குடாவில் வேலை செய்கிறவன், கதை குறைவு. சத்தமே போடக்கூடாது, எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்றான். நான் கைதட்டவேண்டும் என்றேன். எங்களுக்குச் செய்ததற்கு ஒரு மரியாதை வேண்டாமா, போனவரெல்லாம் துரோகி என்றால் கொழும்புக்கு வேலைக்குப் போன பாதிப் பேரையும் துரோகி என்று சொல்லவேண்டிவரும் என்று மூச்சுவிடாமல் வாதாடினேன்.

“நல்லது தங்கச்சி, மாலையும் போடுவம்” என்றார் ஓட்டோ அண்ணன். “அவங்கட கோல் கம்பத்துக்கு ஒரு குத்துவிளக்கும் வைப்பம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் பிளேன்ரீக் கிளாசை வைத்துவிட்டு, கூ அடிக்கிறதென்றால் அடியுங்கள், ஆனால் அந்த மனிசன் இந்தக் கடையில் குடித்த தேத்தண்ணி அளவுக்கு நீங்கள் ஒருவரும் குடிக்கவில்லை என்று தன் பக்கத்து நியாயத்தையும் சொன்னார். நேரம் போனது. ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் ஓட்டோ அண்ணன்தான் கதிரையில் நிமிர்ந்து இருந்து, மெதுவாக, தனக்கே சொல்வதுபோல ஒரு சொல்லைச் சொன்னார்.

“வெளிக்கிடு.”

எல்லோருக்கும் உடனே பிடித்துவிட்டது.

அது சேருடைய சொல். எதிரணியின் பந்தை எங்கள் பின்வரிசை தூர அடித்துவிட்டால், கோட்டுக்கு வெளியே இருந்து அவர் “வெளிக்கிடு” என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலோடு பின்வரிசை நாலு பேரும் ஒரே வரிசையாக எதிரணிக் கோல் பக்கமாக மேலே ஓடவேண்டும். ஓடினால் எதிரணி முன்வரிசை ஓஃப்சைட்டில் அகப்பட்டு நிற்கும். மழையிலும் வெயிலிலும் இதையே பழக்கினார். பிறகு நாங்களும் அவரோடு சேர்ந்து கத்தத் தொடங்கி, அது எங்கள் பக்கத்துக் கோஷமாகவே போய்விட்டது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற வேலை கொஞ்சமல்ல. கல்யாண வீட்டுக்கு உடுத்துத் தயாராகு என்றாலும் வெளிக்கிடு. பஸ் வரப்போகிறது, நட என்றாலும் வெளிக்கிடு. முகத்தில் முழிக்காதே, போ வெளியே என்றாலும் அதேதான்.

ஆகவே கூ அடிக்கவேண்டும் என்றவர்களுக்கு அது ஏச்சு. எனக்கு அது மரியாதை: உங்கள் சொல்லை நாங்கள் மறக்கவில்லை என்பது. அண்ணா மட்டும், இது இரண்டுமில்லை, ஆனாலும் இருக்கட்டும் என்றான்.

ஆட்டத்தன்று மேற்கால் அடிக்கிற கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. வழக்கம்போல மூலைக் கொடிக்குப் பக்கத்தில் ஊருக்குள் திரிகிற மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவர் வந்து விசில் அடித்தும் அசையவில்லை, ஓட்டோ அண்ணன் கைதட்டி ஒரு சத்தம் போட்டதும் எழும்பிப் போயின. பிறகு கிண்ணியாக்காரரின் வான் வந்தது. ஆட்டக்காரர் எல்லோரும் இறங்கின பிறகு, கடைசியாக, தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சேர் இறங்கினார். மெலிந்திருந்தார். அல்லது அந்தச் சட்டை அவருக்குப் பெரிது.

ஓட்டோ அண்ணன் கையைத் தூக்கினார். அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம். காற்று எங்கள் பக்கத்தில் இருந்து அவருடைய பக்கத்துக்கு அடித்தது; கேட்காமல் இருந்திருக்க ஏலாது. சேர் பெட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றித் தட்டித் திரும்பப் போட்டார். எங்கள் பக்கம் பார்க்காமலே போய்த் தன் கதிரையில் இருந்தார்.

நான் நினைத்த மரியாதை அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஏச்சு மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முதற்பாதி முழுக்க நான் ஆட்டத்தைப் பார்த்தேனோ அவருடைய முதுகைப் பார்த்தேனோ தெரியாது. கோல் ஒன்றும் விழவில்லை. இடைவேளை வந்தபோது கயிற்றுக்குக் கிட்டப் போய் நின்றுகொண்டேன். சேர் தன் ஆட்டக்காரர் நடுவில் போய்க் குந்தி இருந்தார். அவர் இடைவேளையில் ஆட்டக்காரரோடு இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்து ரசிகர்கள் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அவர்களை அவர் ஏசவே இல்லை. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

“வரமாட்டார். வாவன் இங்கால” என்றான் அண்ணா.

இரண்டாம் பாதி பாதி போயிருக்கும். கிண்ணியாவின் வலது பக்கத்து ஆட்டக்காரன், ஒல்லியான கறுத்தப் பெடியன், பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு எங்கள் பக்கத்தால் வந்துகொண்டிருந்தான். எங்கள் பின்வரிசை நாலு பேரும் ஒழுங்காக நின்று அவனை மறித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சேர் கதிரையை விட்டு எழும்பிக் கோட்டருகே வந்தார். அவர் எழும்பினால் கத்துவது என்பது முடிவான விஷயம். ஓட்டோ அண்ணனின் கை எழும்பியது.

“வெளிக்கிடு.”

எங்கள் பின்வரிசை நாலு பேரும் ஒரே வரிசையாக, அழகாக, அத்தனை மழையிலும் வெயிலிலும் பழகினபடி, மேலே ஓடினார்கள். பந்தோடு வந்த பெடியன் ஒரு கணம் நின்று பார்த்தான். பந்து அவன் காலிலேயே இருந்தது. ஓஃப்சைட் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. தனக்கு முன்னால் கோல்காப்பாளரைத் தவிர ஒருவருமே இல்லை என்பதை அவனால் நம்ப ஏலவில்லை. பிறகு போய் மெதுவாக அடித்தான்.

ஓட்டோ அண்ணனின் கை இன்னும் மேலேயே இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சேர் கோலுக்குச் சந்தோஷப்படவில்லை. தன் ஆட்டக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைத் திரும்பியும் பார்க்காமல், கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். நடுவர் விசில் அடித்துக் கூப்பிட்டார். அவர் காதில் அது விழவேயில்லை.

“எத்தினை தரம் சொன்னனான்?” கயிற்றுக்கு வரமுன்னமே தொடங்கிவிட்டார். “பந்து அவன்ர காலில இருக்கேக்க ஆரும் வெளிக்கிடுறதோ? பந்து தூரப் போன பிறகெல்லோ வெளிக்கிடோணும். சத்தம் போடத் தெரியாட்டி வாயை மூடிக்கொண்டு இருக்கோணும். உங்களாலதான் இப்ப கோல்.”

கோல் அவருக்குத்தான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. எங்கள் இடது பின்வரிசைப் பெடியன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றுக்குக் கிட்ட வந்தான்.

“உங்கட சத்தம் எண்டு நினைச்சிட்டம், சேர்” என்றான்.

சேர் வாயைத் திறந்தார். அதற்குள் நடுவர் வந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகாத குறையாக அவரைத் திருப்பி அனுப்பினார். போகிற வழியிலும் அந்தப் பெடியனைப் பார்த்து, இறங்கி நில், இறங்கி நில் என்று கையால் காட்டிக்கொண்டே போனார். அவன் இறங்கி நின்றான். கிண்ணியாக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு கோல் விழவில்லை. அந்த ஒரு கோலால் தோற்றோம். இறுதி விசில் ஊதியதும் சேர் கயிற்றைக் குனிந்து தாண்டி எங்கள் பக்கம் வந்தார். ஏச இன்னும் மிச்சம் இருந்தது. ஆனால் ஓட்டோ அண்ணன் முந்திக்கொண்டார். கத்தாமல், சாதாரணக் குரலில் கேட்டார். அவருக்குச் சாதாரணக் குரல் ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“எங்களுக்குச் சொல்லாமல் போனது சரியோ சேர்?”

“உங்களுக்குத் தெரியாதோ?” என்றார் சேர். கிண்ணியாக்காரர் கேட்டு வந்த நாள் தொட்டு ஊர் முழுக்க அந்தக் கதை இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு மாதமளவு அவர் கடைக்கு வந்து போனார். அதுவும் எங்களுக்கு ஞாபகம் இருந்தது. பெரிய மனிசன், அவரே முடிவெடுக்கட்டும் என்று மரியாதைக்கு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்காமல் இருந்தோம். “வந்து வந்து இருந்தனான். ஒருத்தராவது என்னை மறிச்சனீங்களோ?”

ஓட்டோ அண்ணன் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா என்னைப் பார்த்தான்.

“மறிச்சா நிண்டிருப்பீங்களோ?” என்று நான் கேட்டேன்.

சேர் யோசித்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை.

“நிண்டிருக்க மாட்டன், பிள்ளை. எண்டாலும் மறிச்சிருக்கோணும்.”

ஓட்டோ அண்ணன் கையில் இருந்த கச்சான் சுருளை நீட்டினார். சேர் அதைப் பார்க்காமலே வாங்கி, மூன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, கச்சான் தோடுகளைக் குனிந்து மண்ணில் வரிசையாக வைத்தார். இது நீங்கள் நாலு பேர், இது பந்து, இது அவன். எல்லோரும் குனிந்தோம். முதுகைக் காட்டவேண்டும் என்ற அண்ணாதான் முதலில் குந்தினான். எங்கள் ஆட்டக்காரரும் வியர்வையோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

வானில் காத்திருந்து அலுத்துப்போன கிண்ணியாப் பெடியன்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கோல் அடித்த ஒல்லிப் பெடியன் சேரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இல்லை சேர், அவங்கள் கத்த முன்னமே நான் உள்ளுக்கு வெட்டிட்டன்” என்று ஒரு தோட்டை எடுத்து வேறிடத்தில் வைத்தான். எங்கள் இடது பின்வரிசைப் பெடியன் அதைத் திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். காற்று வந்து எல்லாவற்றையும் கலைத்தது. சேர் இரண்டு பேரையும் ஏசிக்கொண்டு மறுபடி முதலில் இருந்து அடுக்கத் தொடங்கினார். வான் சாரதி ஹோன் அடித்தபோது கையை மட்டும் தூக்கிக் காட்டினார், வாய் நிற்கவில்லை.